அக்காவுக்கு உப்பில்லாமல் சமைத்தது

அரை மணி நேரத்தில் என் சமையல் முடிந்துவிடும். சோறு, ஒரு குழம்பு, ஒரு கறி. வங்கியில் வேலை பார்த்தவள், காலை பஸ்ஸை விட்டால் மேனேஜர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று ஓடியவள். பருப்பு வேகவில்லை என்றால் அடுப்பின் முன்னால் நின்று தவம் கிடக்க மாட்டேன். பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு கரண்டி கரைத்து ஊற்றினால் சாம்பார் கெட்டியாகிவிடும். சாப்பிடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர் எழுந்து போய்ச் சமைக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள், "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். அக்காவிடம் என்பேன். அதற்கு மேல் கேட்டால் எரிந்து விழுவேன். இப்போது நானாகவே சொல்கிறேன், யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டிய ஊர். அக்கா எனக்கு மூத்தவள், என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே அடுப்படி வேலை பழகியவள். அதனால்தானோ என்னவோ, ஒரு கையால் செய்ய முடிகிற வழியையே தேடுவாள். வாழைப்பூவை ஒவ்வொன்றாகப் பிரித்து நரம்பு எடுக்க அம்மாவுக்கு ஒரு பொழுது ஆகும். அக்கா ஒரு கொத்தைச் சேர்த்துப் பிடித்து நுனியை உள்ளங்கையில் தேய்ப்பாள். இதழ் விரிந்து நரம்புகள் தலைநீட்டும். ஒரே இழுப்பில் அத்தனையும் கையோடு வந்துவிடும். தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டால் பதறமாட்டாள். ரவையில் புளித்த தயிரை ஊற்றி வைத்துவிட்டுத் தலை வாரிக்கொள்வாள். பின்னல் முடிவதற்குள் மாவு தயார். புளிக்காய்ச்சலை ஒரு தடவை காய்ச்சி ஜாடியில் வைத்துவிட்டால் அந்த மாதத்து விருந்தாளிகள் எல்லோருக்கும் அதுதான்.

"பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு சோம்பேறித்தனம் ஆகாதுடி" என்பாள் அம்மா.

"வாய்க்கு ருசியா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா" என்பாள் அக்கா. அதற்குள் அம்மாவின் தட்டு காலியாக இருக்கும்.

ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தள்ளிவிட்ட நாட்கள் அவை. நெல் விளையும் ஊரில் கோதுமையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? மாட்டுக்குப் போட்டார்கள். இது தெரிந்து, கிராம சேவிகா ஒருத்தி சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் பெண்களைக் கூட்டிக் கோதுமை மாவில் கேக் செய்து காட்டினாள். இரும்பு வாணலியில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடேற்றினாள். அதன் நடுவில் மாவு ஊற்றிய அலுமினியக் கிண்ணத்தை இறக்கி மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டாள். வந்திருந்தவர்கள் தின்றுவிட்டு, "அப்பத்துக்கு அண்ணன் தம்பியாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் மறுநாளே குடமுருட்டி மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்தாள். முட்டை கிடையாது, தயிர், வெல்லம், ஒரு சிட்டிகை சோடா உப்பு. தணல் கூடிப்போய் மேலே கருகியது. கருகியதைச் சுரண்டிவிட்டு உள்ளே இருந்ததை ஆவியோடு என் வாயில் திணித்தாள். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய் எத்தனையோ கடைகளில் கேக் தின்றுவிட்டேன். அந்த மணல் வாசனை எதிலும் இல்லை.

அப்பா ஒரு வேலி நிலத்தை, ஆறரை ஏக்கருக்கு மேல் வரும், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். நிலம் எங்களுக்குத் தூரத்து உறவான ஒருவருடையது. அவர் தாராசுரம் பக்கம் குடியிருந்தார். அறுப்பு சமயத்தில் களத்தைப் பார்க்க வருவார், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் உச்சி வேளையில் வந்து நின்றார். அம்மா கையைப் பிசைந்தாள். அக்கா அரை மணியில் மோர்க்குழம்பு, கத்தரிக்காய்க் கறி, வெல்லம் போட்ட தேங்காய்ப்பால் என்று இலையை நிரப்பிவிட்டாள். அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவும்போதே அப்பாவிடம், "உங்க மூத்த பொண்ண எங்க வீட்டுக்குக் குடுங்க" என்றார். அவருடைய ஒரே மகனுக்குத்தான் அக்காவைக் கொடுத்தோம். அத்தான் நல்லவர். தன் அப்பா எதிரில் வாயைத் திறக்காத நல்லவர். அப்படிப்பட்ட நல்லவர்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அக்கா கல்யாணமாகிப் போன சில மாதங்களில் நிலத்து விவகாரம் முற்றியது. ஊரெங்கும் கொடிக்கம்பங்கள். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, உழுகிறவன் பேரைக் குத்தகைக்காரனாகப் பதிவு செய்துகொள்ள சட்டம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கூலிக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தினார்கள். நிலத்துக்காரர்கள் போலீஸை நிற்கவைத்து அறுத்தார்கள். நிலத்துக்காரருக்குக் குத்தகைக்காரன்மேல் பயம், குத்தகைக்காரனுக்கு நிலத்துக்காரர்மேல் பயம், கூலிக்காரனுக்குப் பசி. எங்கள் அப்பாவும் கூலி கேட்டு வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். பக்கத்து ஊரில் ஒருவரை நிலத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போய்த் தன் பேரைப் பதிந்துவிட்டு வந்தார்.

செய்தி தாராசுரத்துக்குப் போன மறுநாளே சம்பந்தி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. களத்திலேயே நின்றார். ஊர் கூடிவிட்டது.

"பொண்ணக் குடுத்து மண்ண எடுத்துக்கிட்டீங்களே சம்பந்தி" என்றார்.

"மண்ண யாரு எடுத்தா? உழுறவன் பேரு கணக்குல இருக்கணும்னு சர்க்காரு சொல்லுது. இருந்துட்டுப் போவட்டுமேன்னு எழுதினேன். உங்க நெல்லு உங்களுக்கு வந்துகிட்டுத்தான இருக்கு."

"எங்க உப்பத் தின்னுட்டு எங்களுக்கே எதிரா எழுதிவெச்சிட்டீங்க. இனிமே உங்க வீட்டு உப்பு எங்க வீட்டு மனுஷங்க நாக்குல படக் கூடாது. பட்டுச்சுன்னா, அவங்க எம் படி ஏறக் கூடாது. யாரா இருந்தாலுஞ் சரி."

யாரா இருந்தாலும் என்றால் யார்? அக்கா ஒருத்திதான். அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடியவள் வேறு யாரும் இல்லை. அப்பா பதிலுக்கு, "நீங்க திங்கலைன்னா எங்க அடுப்பு அணைஞ்சிடாது" என்றார். இரண்டு பேரும் மீசையை முறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இருவருக்கும் வேதாரண்யத்து உப்பளத்திலிருந்து ஒரே வண்டிக்காரன்தான் உப்பு அளந்தான். அது அவர்களுக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு மதிப்பு அதிகம். பேச்சுவார்த்தை முறிந்த வீட்டில் பழம் தின்னலாம், பால் குடிக்கலாம், வெல்லம் போட்ட பண்டம் தின்னலாம். அது கணக்கில் வராது. உப்புப் போட்ட சோறு தின்றால் பகை தீர்ந்துவிட்டதாக அர்த்தம். அக்கா அதற்குப் பிறகு முதல் தடவை வந்தபோது அம்மா பழக்கதோஷத்தில் இலையைப் போட்டுவிட்டாள். அக்கா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"யாருக்குத் தெரியப் போவுது? கதவச் சாத்திட்டுத் தின்னுக்கா" என்றேன்.

"வந்து சாப்ட்டியான்னு கேப்பாருடி. எனக்குச் சமையல்லதான் குறுக்கு வழி தெரியும். பொய் சொல்லத் தெரியாது. திரும்பிப் போயி அந்தப் படியத்தானே நான் ஏறணும்?"

அன்றைக்கு அவளே மணலைச் சூடேற்றிக் கேக் செய்தாள். அம்மா சோடா உப்பு டப்பாவைப் பார்த்துவிட்டுத் தடுத்தாள். "இதுவும் உப்புதானடி?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இது பேருக்கு உப்பும்மா. எங்க மாமனாரே ஆப்பத்துல தின்னுட்டு ஏப்பம் விடுறாரு." கேக்கைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினாள். பசியோடு வந்த மகளுக்கு ஒரு வாய் சோறு போட முடியவில்லையே என்று அம்மா பொழுது சாயும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிடந்தாள். அப்பா மாட்டுக்கொட்டகையிலேயே இருந்துகொண்டார்.

அதற்கடுத்து வந்தபோது அக்கா நேராக அடுப்படிக்குப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கைப்பிடி கல்லுப்பு. அவள் புகுந்த வீட்டு உப்பு. "உங்க வீட்டு உப்பத்தானே தொடக் கூடாதுன்னாரு? இது அவரு வீட்டு உப்பு" என்றாள். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டு அரிசி, எங்கள் வீட்டுக் கத்தரிக்காய், அவர்கள் வீட்டு உப்பு. அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டாள். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள், அக்கா போதும் போதும் என்று இலையின்மேல் கவிழ்ந்துகொண்டாள். அந்த மாதிரி ஒரு மதியம் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வரவில்லை. நான் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இது கொஞ்ச நாள்தான் ஓடியது. அக்கா துவைக்கப் போட்ட புடவையில் அவள் மாமியார் உப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டாள். உப்பு லட்சுமி. வீட்டு உப்பை வெளியே கொண்டுபோகிறவள் வீட்டு லட்சுமியைக் கொண்டுபோகிறவள். "பொறந்த வீட்டுக்காரரு மண்ண எடுத்துக்கிட்டாரு, மருமக லட்சுமிய முடிஞ்சுகிட்டுப் போறா" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டிருக்கிறாள். அத்தான் வாசலில் நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா எங்களிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உப்பு முடிச்சு அதோடு நின்றது. பிறகு வந்தாலும் பழம் தின்றுவிட்டு, எங்களுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட நாக்கில் வைக்க மாட்டாள். என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள்.

அவள் முழுகாமல் இருந்தபோது எங்களுக்கு ஒரே கவலைதான். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்க வேண்டும். சாப்பிடாமல் எப்படி வந்து தங்குவாள்? அம்மா வேண்டாத தெய்வம் இல்லை. ஏழாம் மாதம் ஒருநாள், மாமியாரே துணைக்கு ஆள் போட்டு அக்காவை அனுப்பிவைத்திருந்தாள். பெட்டியோடு வந்து இறங்கினாள். முகம் உப்பி, கால் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் வாயெல்லாம் பல்.

"அம்மா, கும்பகோணத்துல டாக்டரம்மா எனக்கு உப்பே ஆகாதுன்னுட்டாங்க! உப்பில்லாமத்தான் ஆக்கணும்னா உங்கம்மாவே ஆக்கிப் போடட்டும்னு மாமாவே சொல்லிட்டாரு. இனிமே நான் இங்கயே சாப்புடலாம்!"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். உலகத்தில் எந்த வீட்டிலாவது கர்ப்பிணிப் பெண்ணுக்கு நோய் வந்ததற்குத் தேங்காய் உடைப்பார்களா? நாங்கள் உடைத்தோம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அக்காவும் அம்மாவும் சேர்ந்து அந்தப் பழமொழியைப் பொய்யாக்கினார்கள். சோற்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மிளகைத் தட்டிப் போட்டார்கள். மாங்காயைத் துருவித் தேங்காயோடு அரைத்தால் உப்பு இல்லாததே தெரியாது. ரசத்தில் புளியைக் குறைத்துத் தக்காளியும் மல்லித்தழையும் கூட்டினார்கள். கருவேப்பிலையைக் கருகாமல் வறுத்துப் பொடித்து நெய்யோடு பிசைந்தால் நான்கூட இன்னொரு உருண்டை கேட்பேன். அதுவரை குறுக்கு வழியே ஆகாது என்று சொல்லிவந்த அம்மா, மகள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தாள். மத்தியானத்தில் மணல் கேக். வீடு முழுவதும் அந்த வாசனை. அம்மா தானும் உப்பில்லாமலே சாப்பிட்டாள். மகளோடு ஒரே சட்டியில் தின்ன வேண்டுமாம்.

டாக்டர் சொன்னதில் உப்பு மட்டும்தான் எங்கள் காதில் விழுந்திருந்தது. பிரஷர் இருக்கிறது, வாரா வாரம் வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அழைத்துப் போக வேண்டியது புருஷன் வீட்டார் என்று நாங்கள் இருந்தோம். அம்மா வீட்டில் இருக்கிற பெண்ணை அம்மா வீட்டார் காட்டமாட்டார்களா என்று அவர்கள் இருந்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அக்கா வளையல் கையை இறுக்குகிறது என்று சோப்பு போட்டுக் கழற்றினாள். தலைவலி என்று பற்றுப் போட்டுக்கொண்டாள். கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். அடுப்புப் புகை என்றாள் அம்மா. உப்பைத்தான் அடியோடு நிறுத்தியாயிற்றே, வேறு என்ன வந்துவிடப் போகிறது?

தை மாதம் சம்பா அறுப்பு. அந்த வருஷம் தானே ஆள் வைத்து அறுப்பேன் என்று சம்பந்தி காரில் வந்து இறங்கிவிட்டார். அப்பா வரப்பில் நின்று மறித்தார். நடுவில் போலீஸ். அதே காலையில் அக்கா அடுப்படியில் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தவள், கிண்ணத்தோடு சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பல் கிட்டிக்கொண்டது. அம்மா இரும்பைக் கொண்டா, இரும்பைக் கொண்டா என்று கத்தினாள். நான் வரப்பில் விழுந்தெழுந்து வயலுக்கு ஓடினேன்.

ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளத் தயாராக நின்ற இரண்டு பேரும் நான் சொன்னதைக் கேட்டதும் ஒரே பாதையில் ஓடிவந்தார்கள். இருவரும் சேர்ந்துதான் அக்காவைத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். கும்பகோணம் போகும்வரை சம்பந்தியின் மடியில்தான் அவள் தலை இருந்தது.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாரா வாரம் வரச் சொன்னேனே?" என்று மட்டும் கேட்டார்.

"உப்பச் சுத்தமா நிறுத்திட்டோம்மா" என்றார் அப்பா. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பொட்டு உப்புக்கூடக் கொடுக்கவில்லை என்று சொன்னார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். குழந்தை தங்கவில்லை. விடிவதற்குள் அக்காவும் போய்விட்டாள்.

புருஷன் வீட்டில்தானே எடுக்க வேண்டும். தாராசுரத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையும், மஞ்சளும், பூவும், வாய்க்கரிசிக்கு ஒரு சொம்பு அரிசியும் எடுத்துக்கொண்டு போனோம். களத்தில் அந்த வார்த்தை சொன்ன பிறகு எங்கள் வீட்டார் அந்த வாசலுக்குப் போனது அன்றைக்குத்தான். எங்களைக் கண்டதும் கூட்டம் வழி விட்டது. அத்தான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் புதுப்புடவை போர்த்தி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். வீக்கம் வடியாத அந்த முகத்தில் அவளுடைய சாயலையே தேட வேண்டியிருந்தது.

வாய்க்கரிசி போடுகிறவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். முதலில் அம்மாவைத்தான் விட்டார்கள். அம்மா சொம்பிலிருந்து கை நிறைய அரிசியை அள்ளிக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் குனிந்தாள். குனிந்தவள் போடாமல் நிமிர்ந்தாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். தூணில் சாய்ந்து நின்ற சம்பந்தியைப் பார்த்ததும் அவர் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"சம்பந்தி, போடலாங்களா? எங்க வீட்டு அரிசிதான். வெறும் பச்சரிசிங்க. இதுல உப்பு இல்ல."

அம்மா குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அப்படியெல்லாம் பேச வராது. நிஜமாகவே அனுமதி கேட்டாள். மகள் அந்த வீட்டுப் படியைத் தாண்டிப் போகிற கடைசி நேரத்தில் தன்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று கேட்டாள். அந்த மனுஷர் தூணைப் பிடித்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றவர்கள், "போடுங்கம்மா, போடுங்க, இதையெல்லாமா கேக்குறது" என்று அழுதார்கள். நான் அவருக்காக இரக்கப்படவில்லை. இன்றுவரை படவில்லை.

அம்மா யார் சொன்னதையும் கேட்கவில்லை. அரிசிக் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் அக்காவின் வாயில் போட்டாள்.